பிரேக் அடிக்கிறவருக்கு சர்டிஃபிகேட் வேணுமா?

வீட்டுக்கு வயரிங் பண்றவருக்கு தமிழ்நாட்டுல ஒரு சான்றிதழ் உண்டு. லாரி ஓட்டறவருக்கு லைசன்ஸ் உண்டு, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா அதைப் புதுப்பிக்கணும். லாரிக்கே எஃப்சி உண்டு. எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கப்புறம் வருஷா வருஷம். ஆனா அந்த லாரியோட சக்கரத்தைக் கழட்டி, டிரம்மைப் பிரிச்சு, லைனிங் மாத்தி, "போலாம் ரைட்"னு அனுப்பி வைக்கிறாரே ஒருத்தரு, அவருக்கு? ஒண்ணும் கிடையாதுங்க. நாளைக்கு காலைல நானே ஒரு ஸ்பேனர் செட் வாங்கி ரோட்டோரம் போர்டு வெச்சா, "உனக்கு பிரேக் வேலை தெரியுமா?"ன்னு கேக்க சட்டத்துல ஆள் இல்லை.

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச மேட்டர். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, இன்னிக்குத்தான் கை கூடுச்சு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :)

எனக்கு ஊரு தொப்பூர். பொழப்பு பெங்களூர்ல பொட்டி தட்டறது. தொப்பூர்னு சொன்னா நம்ம ஊரு லாரிக்காரங்களுக்கு விளக்கவே தேவையில்லை. தெரியாதவங்களுக்காக: தர்மபுரியிலேர்ந்து சேலம் போற 44-ம் நம்பர் நேஷனல் ஹைவேல (பழைய 7-ம் நம்பர்) ஒரு கணவாய். பெங்களூர்ப் பக்கமிருந்து வர்ற வண்டிங்க சுங்கச்சாவடியத் தாண்டினதும் மலை இறக்கத்துல இறங்கணும். இரட்டைப் பாலம், ஆஞ்சநேயர் கோவில் வளைவுன்னு ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு விபத்து ஞாபகம் இருக்கும் எங்க ஊர்க்காரங்களுக்கு. 2020 டிசம்பர்ல நெரிசல்ல நின்னுட்டிருந்த கார்கள் மேல ஒரு சிமெண்ட் லாரி ஏறினது, 2024 ஜனவரியில ரெண்டு லாரிக்கு நடுவுல கார் மாட்டி நாலு பேர் செத்துப்போன அந்த வீடியோ.. பாத்திருப்பீங்க. அதுக்கப்புறம்தான் 900 கோடிக்கு மேல செலவு பண்ணி உயர்மட்டச் சாலை போடற திட்டமே வேகம் பிடிச்சுது.

ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் பேப்பர்ல ஒரே வரி: "பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி". அந்த வரியோட முடிச்சுருவாங்க. ஏன் பிரேக் பிடிக்கல? கடைசியா அந்த பிரேக்கைத் தொட்டது யாரு? என்னிக்கு? எந்த ஊர் பட்டறைல? இதெல்லாம் யாரும் கேக்கறதில்ல. எங்க கம்பெனில ஒரு பட்டன் கலர் மாறிப்போச்சுன்னாக்கூட 'கிட் பிளேம்' போட்டு, எவன் எத்தனை மணிக்கு எந்த வரிய மாத்தினான்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சு வறுத்தெடுப்பாங்க. 28 டன் வண்டியோட பிரேக்குக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். தொப்பூர் விபத்துக்கெல்லாம் மெக்கானிக்தான் காரணம்னு நான் சொல்ல வரல. டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல விட்டு இறங்கறது, ஓவர் லோடு, தூக்கம் இல்லாம ஓட்டறது, ரோடு வளைவே சரியில்லாதது.. இதெல்லாம்தான் பெரிய காரணங்க. கியர்ல இறங்கினா எஞ்சினே வண்டியப் பிடிச்சு நிறுத்தும். நியூட்ரல் போட்டா மொத்த பாரமும் லைனிங் மேல. அதுக்குத்தான் போலீஸ்காரங்க 30 கிலோமீட்டர் வேகம்னு போர்டு வெச்சு, மைக்ல கத்திட்டு இருக்காங்க.

ஆனா லாரி பிரேக்ல ஒரு வில்லங்கம் இருக்கு. அதைப் புரிஞ்சுக்கிட்டாதான் நான் எதுக்கு மெக்கானிக் கிட்ட வர்றேன்னு புரியும்.

லாரிக்கு ஏர் பிரேக். பெடலை மிதிச்சா காத்து ஒரு சேம்பருக்குள்ள போயி, ஒரு ராடைத் தள்ளும். அந்த ராடு ஸ்லாக் அட்ஜஸ்டர்னு ஒரு கையைத் திருப்பும். அது கேமைத் திருப்பி, லைனிங்கை டிரம் மேல அழுத்தும். அந்த ராடு இவ்வளவு தூரம்தான் நகர முடியும், அதுக்கு மேல சேம்பர்ல எடம் கிடையாது. லைனிங் தேயத் தேய ராடு அதிக தூரம் போக வேண்டி வரும். சம ரோட்டுல ஒண்ணும் தெரியாது. மிதிச்சா நிக்கும், டிரைவருக்கு சந்தேகமே வராது. மலை இறக்கத்துல விடாம மிதிக்கும்போது டிரம் சூடாகி விரியும். விரிஞ்சா லைனிங் இன்னும் கொஞ்சம் தூரம் போகணும். அப்பதான் ராடுக்கு எடம் தீந்து போகும். பெடல் மிதிபடும், காத்து இருக்கும், கேஜ்ல பிரஷர் காட்டும், பிரேக் மட்டும் இருக்காது.

அதாவது, தர்மபுரி வரைக்கும் நல்லா இருந்த பிரேக் தொப்பூர்ல போயிரும். டிரைவர் "பிரேக் நல்லாத்தான் சார் இருந்துச்சு"ன்னு சொன்னா அது பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல. பட்டறைல அரை இஞ்ச் கவனிக்காம விட்டது இங்கதான் பரீட்சைக்கு வருது.

இதுல இன்னொரு சங்கதி. பழைய ஸ்லாக் அட்ஜஸ்டரை மெக்கானிக் ஸ்பேனர் போட்டு கையால டைட் பண்ணணும். புது வண்டிகள்ல ஆட்டோமேட்டிக், தன்னால சரி பண்ணிக்கும். அந்த ஆட்டோமேட்டிக்ல இடைவெளி அதிகமாச்சுன்னா, உள்ள வேற ஏதோ கெட்டிருக்குன்னு அர்த்தம். புஷ் தேஞ்சிருக்கலாம், அட்ஜஸ்டரே போயிருக்கலாம். அப்ப பழைய பழக்கத்துல ஸ்பேனர் போட்டு ரெண்டு திருப்பு திருப்பி அனுப்பினா, அன்னிக்கு சரியாயிடும், ரெண்டாவது வாரம் மறுபடி விட்டுரும். கையால திருப்பறதே அந்த அட்ஜஸ்டரை இன்னும் கெடுக்கவும் செய்யும். 2003-ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம் கிளென் ராக்னு ஒரு ஊர்ல, இறக்கத்துல ஒரு டிப்பர் லாரி பிரேக் இல்லாம ஓடி விபத்தாச்சு. அதை விசாரிச்ச அவங்க தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் சொன்னது கிட்டத்தட்ட இதேதான்: ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டரை கையால டைட் பண்ணிட்டே இருந்திருக்காங்க, மூல காரணத்தை யாரும் பாக்கல.

இருபது வருஷ அனுபவம்னு சொல்றோமே, சில நேரம் அந்த அனுபவமே எதிரி ஆயிரும். இதை நான் மெக்கானிக்கை மட்டும் வெச்சு சொல்லல. எங்க தொழில்லயும் அப்படித்தான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி 'இப்படித்தான் எழுதணும்'னு கத்துக்கிட்டத இன்னிக்கு எழுதினா ரிவியூல சிரிப்பாங்க.

எங்க ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணா இருக்காரு. எட்டாவதோட நின்னவரு. சங்ககிரில ஒரு லாரிப் பட்டறைல கிரீஸ் துடைக்கிற பையனா சேந்து, இப்ப சொந்தமா ஷெட் போட்டிருக்காரு. வண்டி தூரத்துல வரும்போதே சத்தத்தை வெச்சு எந்த சிலிண்டர் பேசுதுன்னு சொல்லுவாரு. போன தடவை ஊருக்குப் போனப்ப இந்த சர்டிஃபிகேட் கதைய அவர்கிட்ட எடுத்தேன்.

"ஏண்ணா, உங்களுக்கெல்லாம் கவர்மெண்ட்ல பரீட்சை வெச்சு சர்டிஃபிகேட் குடுத்தா எப்படி இருக்கும்?"

"யாரு தம்பி பரீட்சை வெக்கிறது? டிரம்மைக் கழட்டிப் பாக்காதவனா?"

"அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும்ணா."

"புதுப்பிக்கிறதுன்னா எவ்வளவு ஆகும்? புரோக்கருக்கு தனியா?"

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ஆனா இந்த மூணு கேள்விக்கும் பதில் இல்லாம எவன் சட்டம் போட்டாலும் அது உருப்படாது.

இப்ப இருக்கற நிலைமை என்னன்னு பாப்போம். ஐடிஐ-ல 'மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்'னு ரெண்டு வருஷ படிப்பு இருக்கு, பத்தாவது பாஸ் பண்ணவங்க சேரலாம். 'மெக்கானிக் டீசல்' ஒரு வருஷம். தர்மபுரிக்கு பக்கத்துல கடகத்தூர்லயே அரசு ஐடிஐ இருக்கு. அந்த சான்றிதழை வாங்கிட்டா ஆயுசுக்கும் செல்லும், புதுப்பிக்கிற பேச்சே கிடையாது. 1995-ல படிச்சவரும் பாரத் ஸ்டேஜ் 6 எஞ்சின் வந்ததுக்கப்புறம் படிச்சவரும் காகிதத்துல ஒண்ணுதான். அனுபவத்துல கத்துக்கிட்டவங்களுக்கு 2015-லேர்ந்து மத்திய அரசு திறன் திட்டத்துல 'முன் அனுபவ அங்கீகாரம்'னு ஒரு வழி வெச்சாங்க. நல்ல யோசனைதான். ஆனா அது இல்லாட்டி வேலை பாக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல, அதனால பட்டறைல யாரும் அதைச் சீண்டறதில்ல.

இங்க ஒரு தமாஷ் சொல்லணும். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 24-வது விதின்னு ஒண்ணு, டிரைவிங் ஸ்கூல் பத்தினது. டிரைவிங் சொல்லித் தர்ற இன்ஸ்ட்ரக்டருக்கு ஓட்டின அனுபவத்தோட மோட்டார் மெக்கானிக் சான்றிதழோ, இல்லேன்னா அதுக்கு மேல மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிப்போ இருக்கணும்னு அதுல இருக்கு. அதாவது கிளட்ச் மிதிக்க சொல்லித் தர்றவருக்கு மெக்கானிக் சான்றிதழ் வேணும், கிளட்ச் மாத்தறவருக்கு வேண்டாம்! அதை விடக் கொடுமை, நான் படிச்சது பி.இ. மெக்கானிக்கல் :) தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல நல்ல மார்க். ஒரு பிரேக் டிரம்மைக் கூட கையால கழட்டினதில்லை. சட்டத்தோட கண்ணுல எங்க ஊரு அண்ணாவை விட நான்தான் பெரிய மெக்கானிக். என்னத்த சொல்ல.

வெளிநாட்டுல எப்படி? ஆளுக்கு ஒரு விதம். ஜெர்மனில பட்டறை நடத்தணும்னா 'மைஸ்டர்' பட்டம் வாங்கின ஒருத்தர் பொறுப்புல இருக்கணும். அமெரிக்காவுல 1972-ல ஆரம்பிச்ச ஏ.எஸ்.இ.ன்னு ஒரு அமைப்பு பரீட்சை வெக்குது. சான்றிதழ் அஞ்சு வருஷம்தான் செல்லும், மறுபடி எழுதணும். ஆனா அது அவங்கவங்க இஷ்டம். மிச்சிகன் மாநிலம் 1974-லயே சட்டம் போட்டு சான்றிதழைக் கட்டாயமாக்கிருச்சு. அதை விட எனக்குப் பிடிச்சது அவங்க மத்திய அரசு விதி ஒண்ணு: சரக்கு லாரியோட பிரேக்கைத் தொடறவருக்கு அந்த வேலைல பயிற்சியோ அனுபவமோ சேத்து ஒரு வருஷமாவது இருக்கணும், அதுக்கான ஆதாரத்தை கம்பெனி ஃபைல்ல வெச்சிருக்கணும். எல்லா மெக்கானிக்கையும் பிடிக்கல, எல்லா வேலையையும் பிடிக்கல. பிரேக்கை மட்டும் பிடிச்சாங்க. இங்கிலாந்துல மெக்கானிக்குக்கு லைசன்ஸ் இல்ல, ஆனா நம்ம எஃப்சி மாதிரி வருஷாந்திர சோதனை பண்றாரே, அவரு 2016-லேர்ந்து வருஷா வருஷம் பயிற்சி எடுத்து பரீட்சை எழுதணும். இப்ப பாஸ் மார்க் 80.

இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நம்ம ஊர்லயே மாதிரி இருக்கு. மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு ஒண்ணு, அப்பப்போ பேப்பர்ல அறிவிப்பு வரும், பாத்திருப்பீங்க. பெரிய படிப்பு கேக்கறதில்ல. வயரிங் வேலைல அஞ்சு வருஷ அனுபவம், 21 வயசு, அவ்வளவுதான். பரீட்சை ஐடிஐ-லயே நடக்கும். கைவேலையால கத்துக்கிட்டவனுக்கு கவர்மெண்ட் கதவைத் திறந்து விட்ட ஒரு அருமையான ஏற்பாடு அது. அதை அப்படியே லாரி பிரேக், ஸ்டியரிங் வேலைக்கு ஏன் வெக்கக் கூடாது?

நான் கேக்கறது இதுதான். பஞ்சர் கடை, டூவீலர் மெக்கானிக், டிங்கரிங், பெயிண்டு.. இவங்க யாரையும் தொட வேண்டாம். கனரக வண்டியோட பிரேக், ஸ்டியரிங் ரெண்டுக்கு மட்டும் ஒரு சான்றிதழ். பட்டறைல ஒருத்தர்கிட்ட இருந்தாப் போதும், மத்த பசங்க அவர் கண்பார்வைல வேலை பாக்கட்டும். பரீட்சை எழுத்துப் பரீட்சையே வேண்டாம், ஒரு ஆக்சிலை முன்னாடி வெச்சு "இதுல என்ன தப்பு?"ன்னு கேக்கணும். தமிழ்ல. அண்ணாவோட முதல் கேள்விக்கு பதிலும் இதுலதான் இருக்கு. கேள்வி கேக்கறவர் பட்டறை அனுபவம் உள்ளவரா இருக்கணும்.

புதுப்பித்தல் பத்தி என் கருத்து கொஞ்சம் வேற. இதுலதான் நிறைய பேர் சறுக்கறாங்க. எங்க தொழில்ல சர்டிஃபிகேட்டுக்கு பஞ்சமே இல்ல. மூணு வருஷத்துல காலாவதியாகற கிளவுட் சர்டிஃபிகேட் எல்லாம் இருக்கு. பாதிப் பேரு என்ன பண்றாங்க? 'டம்ப்ஸ்'னு போன வருஷ கேள்வி பதிலை இறக்கி, ராத்திரி மனப்பாடம் பண்ணி, காலைல பாஸாகி, மத்தியானம் மறந்துடறாங்க. லிங்க்டுஇன்ல மட்டும் அந்த பேட்ஜ் மின்னும். மெக்கானிக்குக்கும் மறுபரீட்சைன்னு வெச்சா இதே கதைதான். இல்லேன்னா அதை விட மோசமா, பரீட்சையே எழுதாம சர்டிஃபிகேட் வீட்டுக்கு வரும். எஃப்சிக்கு மட்டும் நல்ல டயர் மாட்டிக் காட்டிட்டு, வெளிய வந்ததும் வழுக்கை டயரை மாட்டிக்கிற கதைய கேள்விப்படாதவங்க யாராவது இருக்கீங்களா?

அதனால புதுப்பித்தல்னா பரீட்சையா இருக்கக் கூடாது, பாடமா இருக்கணும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு நாள். ஐடிஐ-க்கு வாங்க, இந்த அஞ்சு வருஷத்துல புதுசா என்ன வந்துச்சுன்னு கழட்டிக் காட்டறோம், தொட்டுப் பாருங்க, ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டரை ஏன் ஸ்பேனரால திருப்பக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, அவ்வளவுதான். சாயந்திரம் அட்டையில சீல். கட்டணம் கிடையாது, அன்னிக்குப் போன கூலிக்கு ஈடும் குடுக்கணும். கட்டணமே இல்லாத எடத்துல புரோக்கருக்கு வேலை குறையும் (ஒழியும்னு சொல்ல நான் அவ்வளவு அப்பாவி இல்ல). எடத்துக்கும் பஞ்சமில்ல. டாடா டெக்னாலஜிஸோட சேந்து 2,800 கோடிக்கு மேல செலவு பண்ணி 71 அரசு ஐடிஐ-களை தமிழ்நாடு அரசு புதுப்பிச்சிருக்கு. அந்த மெஷினெல்லாம் பதினெட்டு வயசுப் பசங்களுக்கு மட்டும்தானா? நாப்பத்தஞ்சு வயசு மேஸ்திரியும் ஒரு நாள் தொட்டுப் பாக்கட்டுமே.

"இதெல்லாம் பாவப்பட்ட மெக்கானிக் தலைலதான் விடியும், வண்டி ஓனர் தப்பிச்சுக்குவான்"னு ஒரு நண்பன் சொன்னான். பாதி சரி. இன்னிக்கு சட்டப்படி, பழுதுள்ள வண்டிய ஓட்டறவரும் ஓட்டச் சொல்றவரும்தான் குத்தவாளி. அது மாறக் கூடாது. மெக்கானிக் "லைனிங் மாத்தணும்"னு சொன்ன பிறகும் "இந்த ட்ரிப் போயிட்டு வந்துடறேன்"னு எடுத்துட்டுப் போற ஓனர் எத்தனை பேரு! பாவம், அவருக்கும் மாசம் பொறந்தா டியூ கட்டணும். அதனாலதான் சான்றிதழோட ஒரு சின்ன பில் புக்கும் வேணும்ங்கறேன். தேதி, வண்டி நம்பர், என்ன பண்ணோம், என்ன பண்ணச் சொல்லியும் ஓனர் வேண்டாம்னாரு, கீழ கையெழுத்து. விபத்தாச்சுன்னா அந்தக் காகிதம்தான் மெக்கானிக்கைக் காப்பாத்தும். இப்ப எல்லாம் வாய் வார்த்தை. போலீஸ் வந்து நின்னா, "நான் அப்பவே சொன்னேங்க"ன்னு சொல்றதுக்கு என்ன மதிப்பு?

இந்த பில் புக் விஷயத்தைச் சொன்னப்ப மட்டும் எங்க ஊரு அண்ணா சிரிக்கல. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அது வேணும் தம்பி"ன்னாரு. அதுக்கு மேல நானும் கேட்டுக்கல.

பி.கு: சவூதிக்கு வேலைக்குப் போற நம்ம பசங்களுக்கு சில வருஷமா இங்கயே திறன் சோதனை வெச்சுத்தான் விசா குடுக்கறாங்க, ஆட்டோ எலக்ட்ரீஷியனும் அந்த லிஸ்ட்ல உண்டு. உங்க சொந்தக்காரங்க யாராவது அந்த சோதனைக்குப் போயிருந்தா, நிஜமா வண்டியக் காட்டி கேள்வி கேக்கறாங்களா, இல்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெக்கறாங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.